அடையாள அட்டையைக் கண்டதும் இடமில்லையாம்

ஆசிரியருக்கு,

நேர்முகத் தேர்வுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, விடியற்காலை வெள்ளவத்தையில் இறங்கினேன். கடற்கரைப் பக்க ஒழுங்கையில், பயணிகள் கட்டில் வாடகைக்கு எடுத்துத் தங்கும் ஒரு ஹொஸ்டல். தொலைபேசியில் கட்டில் இருக்கிறது என்றவர்கள், என் அடையாள அட்டையைக் கண்டதும் "வெளிநாட்டவருக்கு மட்டும்" என்றார்கள். பின்னால் முதுகுப் பையோடு நின்ற வெள்ளைக்காரப் பையனுக்குச் சாவியும் துவாயும் உடனே கிடைத்தன.

1912இல் ஜேர்மனியின் அல்தேனா கோட்டையில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஆசிரியர் இத்தகைய ஹொஸ்டல்களுக்கு முன்னோடியான இளைஞர் விடுதியைத் திறந்ததே, தன் நாட்டுப் பிள்ளைகள் குறைந்த செலவில் ஊர் பார்க்கத்தான்! சரி, கட்டுப்பாடு வைக்கட்டும். அதை முன்பதிவின்போதே சொல்லலாமே? நான் முகம் கழுவிச் சட்டை மாற்றியது புகையிரத நிலையத்தில்.

ஒரு வாசகர்,
கொழும்பு-06