ஏ.சி. கேஸ் தீர்ந்துபோகிற பொருள் இல்லை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், என் வாழ்த்தைச் சொல்லிவிடு.

இனி உன் கார் விஷயம். மூன்று மாதம் முன்பு கேஸ் ஏற்றியும் மறுபடி சூடான காற்றுதான் வருகிறது, மெக்கானிக் இன்னொரு தடவை ஏற்றிவிடலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்பட்டுத் தலையாட்டாதே. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஹோஸ் ரப்பர் வழியாக வருடத்துக்குச் சில கிராம் கசிவது சகஜம். மூன்றே மாதத்தில் குளிர்ச்சி போனால் எங்கோ லீக் இருக்கிறது, இல்லாவிட்டால் கோளாறு கேஸிலேயே இல்லை. எது என்று தெரியாமல் ஏற்றுவது வீண்.

அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டுவதற்கு முன்னால் சூடு எப்போது வருகிறது என்று கவனி. ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடானால், முன்பக்கம் இருந்து கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரின் ஃபேனைப் பார். ஏ.சி. போட்டதும் அது சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் போ. கண்டென்சர் இடுக்கில் தூசி அடைந்திருந்தாலும் இதே கதைதான். குறைந்த வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவு, ஹை பிரஷரில் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். காற்றின் வேகமே குறைந்திருந்தால், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். முதலில் குளிர்ந்து, அரை மணி கழித்துக் காற்றும் மெலிந்தால், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. காற்று குறையாமல் குளிர்ச்சி மட்டும் போனால், ஒன்று உள்ளே ஈரம், அல்லது கம்ப்ரசர் கிளட்ச்.

கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டோடு இணைப்பது இந்தக் கிளட்ச். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. ஏ.சி. பட்டனை அழுத்தியதும் 'டக்'கென்று பிடித்து முன் தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி மட்டும் சுற்றினால் கிளட்ச் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார். 12 வோல்ட் வந்தும் பிடிக்காவிட்டால் கிளட்சை இழுக்கும் காந்தக் காயில் போயிருக்கும், இல்லையேல் முன் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே உள்ள இடைவெளி கூடியிருக்கும். பெரும்பாலான கார்களில் அந்த இடைவெளி 0.3 முதல் 0.6 மி.மீ. தேய்ந்து அகன்றால், எஞ்சின் சூடானபின் காயிலின் இழுப்பு போதாமல் விட்டுவிடும். அதனால்தான் காலையில் நன்றாக இருக்கும் ஏ.சி. மதியம் ஏமாற்றுகிறது. உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தாலே பல சமயம் சரியாகிவிடும், ஆனால் மெக்கானிக்குகள் கம்ப்ரசரையே மாற்றச் சொல்வார்கள்! வோல்ட்டே வராவிட்டால் பிரஷர் சுவிட்ச் தடுத்திருக்கலாம். கேஸ் மிகக் குறைந்தால் கம்ப்ரசரைக் காப்பாற்ற அது இணைப்பைத் துண்டிக்கும். புதிய கார்கள் சிலவற்றில் கிளட்சே கிடையாது, கம்ப்ரசரின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோல் வால்வ்தான். அங்கே இந்தச் சோதனை செல்லாது.

அடுத்து கேஜ். எஞ்சின் அணைந்து ஆறியிருக்கும்போது பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற வகைக் கேஸ் 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 97 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும். இதை வைத்து கேஸ் போதும் என்று முடிவு கட்டாதே. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலும் இதே அளவைத்தான் காட்டும். ஓடவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதே வெப்பத்தில் லோ சைடு (கம்ப்ரசருக்குள் கேஸ் போகும் பக்கம்) 30 முதல் 45, ஹை சைடு (அழுத்தப்பட்டு வெளிவரும் பக்கம்) 200ஐ ஒட்டி இருந்தால் நல்லது. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடிவிட்டது, உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது கண்டென்சருக்குக் காற்றோட்டம் இல்லை. லோ ஏறி, ஹை இறங்கி இரண்டும் நெருங்கி வந்தால் கம்ப்ரசர் அழுத்தவில்லை. லோ பூஜ்யத்துக்கும் கீழே போனால், கூலிங் காயிலுக்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வில் அடைப்பு. சற்று நேரம் அணைத்து வைத்ததும் சரியானால் அங்கே ஈரம் உறைகிறது. இரண்டும் ஒழுங்காக இருந்தும் காற்று சூடென்றால் ஹீட்டர் பக்கம் திருப்பும் மடிப்புக் கதவு மாட்டிக்கொண்டிருக்கும், அதற்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை.

லீக் தேடும்போது எண்ணெய்ப் பசையைத் தேடு; கேஸோடு எண்ணெயும் கசிந்து தூசியைப் பிடித்திருக்கும். கண்டென்சரின் முன்பக்கம், குழாய் இணைப்பு ஓ-ரிங், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல், கேஸ் ஏற்றும் வால்வுக்குள் இருக்கும் சிறு ஊசி ஆகியவை வழக்கமான இடங்கள். சோப்புத் தண்ணீர் பெரிய லீக்கைத்தான் காட்டும். சிறியதற்கு டை என்னும் ஒளிரும் சாயத்தை உள்ளே விட்டு, சில நாள் ஓட்டிவிட்டுப் புற ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். கூலிங் காயில் லீக்கென்றால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிவரும். லீக்கை அடைக்கும் திரவம் என்று டப்பாவில் விற்பதை ஊற்றவே விடாதே, வால்வையும் சர்வீஸ் மெஷினையும் சேர்த்து அடைத்துவிடும்.

லீக்கைச் சரிசெய்தபின் வேக்யூம், அதாவது உள்ளே இருக்கும் காற்றை பம்ப்பால் உறிஞ்சி எடுப்பது, அவசியம். குறைந்தது 30 நிமிடம் பம்ப் ஓட வேண்டும். ஆழ்ந்த வேக்யூமில்தான் உள்ளே உள்ள ஈரம் கொதித்து ஆவியாகி வெளியேறும். பிறகு வால்வை மூடி கால் மணி நேரம் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல். குழாய் பல நாள் திறந்து கிடந்திருந்தால், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் மாற்ற வேண்டும். ஓ-ரிங் எல்லாம் புதிது, எண்ணெய் தடவிப் போட வேண்டும். கேஸ் அளவு பானெட் அடியில் ஸ்டிக்கரில் கிராமில் இருக்கும்; தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும், கேஜ் முள்ளைப் பார்த்து அல்ல. 450 கிராம் பிடிக்கும் காரில் 100 கிராம் கூடினாலே குளிர்ச்சி குறையும். கேஸ் ஏற்றுகையில் எஞ்சின் ஓடும்போது கேஜின் ஹை சைடு வால்வைத் திறக்கவே கூடாது, கேஸ் டப்பா வெடிக்கலாம். உன் கார் புதிது என்றால் ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு வகைக் கேஸின் பெயர் இருக்கக்கூடும். அதோடு ஆர்-134ஏவைக் கலக்கக் கூடாது.

ஓடும்போது எடுத்த லோ, ஹை இரண்டு அளவுகளையும் அன்றைய வெளி வெப்பத்தையும் ஸ்டிக்கரில் உள்ள எடையையும் எழுதி அனுப்பு. மெக்கானிக்கிடம் பேசுவதற்கு முன்னால் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு