குடியிருப்போர் சங்க ஆண்டறிக்கை: இந்த வருடம் தண்ணீர் வேலைதான் அதிகம்

அன்பு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தீபாவளி விருந்து, பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் தண்ணீரைப் பற்றியே பேசப் போகிறேன், செயற்குழுவின் பாதி நேரம் அதில்தான் போனது.

பொது மீட்டர் பில் மூன்று மாதமாக ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு நானும் ஜாகாவும் (காவலாளி) டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். எல்லா வீடும் தூங்குகிறது, மீட்டரின் சிவப்பு முள் மட்டும் நிற்காமல் சுற்றுகிறது. மாடிக்கு ஏறினால், தொட்டியின் மிதவைப் பந்து உடைந்து கிடக்கிறது, வழிகுழாயில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஓடி நேராகச் சாக்கடைக்குப் போகிறது. கீழே சுவரெல்லாம் பச்சைப் பாசி, அப்படியென்றால் எத்தனை வாரமாக ஓடியதோ! பந்தை மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

'பினாங்கில் தண்ணீர் மலிவுதானே, இதற்கா இவ்வளவு கவலை' என்று சிலர் கேட்டார்கள். மலிவுதான், ஆனால் நிறைய இருப்பதாக அர்த்தமில்லை. தைப்பூசத்துக்கு நாம் போகிற தண்ணீர்மலை அருவிதான் ஒரு காலத்தில் ஜார்ஜ் டவுனுக்கே குடிநீர் கொடுத்தது. ஊர் பெருத்தது, 1962-இல் ஆயர் ஈத்தாம் அணை வந்தது, 1999-இல் தெலுக் பஹாங் அணை, அதுவும் போதவில்லை. இப்போது மாநிலத்தின் நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது, நம் தீவுக்குக் கடலடிக் குழாய் வழியாக. அந்த ஆறு பிறப்பது பக்கத்து மாநிலமான கெடாவின் உலு மூடா காட்டில், கெடாவின் நெல் வயல்களும் அந்தக் காட்டு நீரைத்தான் நம்பியிருக்கின்றன.

1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கியதால்தான் நம்மில் பலர் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதை மறக்கவில்லை. ஆனால் அங்கே நடக்கும் மின்னணுச் சில்லு (சிப்) தயாரிப்பில் கழுவிக் கழுவி எடுக்க மிகத் தூய நீர் ஏராளமாக வேண்டும், ஆலைகள் கூடக் கூட ஆறு கூடப்போவதில்லை. புதிய ஆலைக்கு அனுமதி தருவதற்கு முன், கழிவுநீரைச் சுத்திகரித்து எவ்வளவு மறுபடி பயன்படுத்துவீர்கள் என்று கேட்டாக வேண்டும் என நம் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை, மறுபடியும் எழுதுவோம்.

2024 ஜனவரியில் வால்வு மாற்றுவதற்காக நான்கு நாள் தண்ணீர் நின்றபோது மேல்மாடிப் பாட்டிகளுக்கு வாளி சுமந்த இளைஞர்களுக்கு அப்போதே நன்றி சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன்.

அடுத்து, வாகனக் கொட்டகைக் கூரையிலிருந்து மழைநீரைப் பிடித்துத் தாழ்வாரம் கழுவ ஒரு தொட்டி வைக்கிறோம். அதற்கான கோத்தோங் ரோயோங்குக்கு, அதாவது எல்லோரும் கூடிச் செய்யும் வேலைக்கு, வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள், ஏணி இருப்பவர்கள் கையோடு சொல்லிவிடுங்கள்.

செயலாளர்