செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசகசாலை நடந்தது, கோடையில் மோர்ப்பந்தல் வைத்தோம், பொங்கல் விளையாட்டுப் போட்டி சண்டையில்லாமல் முடிந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

புதிதாகச் செய்தது, எண்ணூர்ப் பிள்ளைகளுக்கான ஆவணப்படப் பயிற்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கசிந்த எண்ணெயும் முகத்துவாரத்துக்கு வந்தபோது ஊரெல்லாம் கேமரா. கறுத்துப்போன படகுகளை எடுத்தார்கள், போனார்கள். அதற்கப்புறம் நடப்பதை இங்கேயே இருப்பவர்கள்தான் எடுக்க வேண்டும் என்று செயற்குழுவில் முடிவானது.

சரி, எதை எடுப்பது? பிள்ளைகள் முதலில் அனல் மின் நிலையப் புகைபோக்கியைத்தான் காட்டினார்கள். எண்ணூர் என்றாலே எல்லோரும் எடுக்கும் காட்சி. கடைசியில் ஒரு குழு காக்கா ஆழியைப் பிடித்துக்கொண்டது. தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி இது. கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பி வரும் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். கொசஸ்தலை ஆற்றின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறால் சேற்றில் புதைய இடமில்லாமல் செய்துவிடுகிறது.

கலங்கல் தண்ணீருக்குள் கிடப்பதை எப்படிக் காட்டுவது? செல்போனை பிளாஸ்டிக் உறையில் போட்டு முக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் அக்கா ஒருவர், அடியிலிருந்து ஒரு கொத்தை அப்படியே பிடுங்கித் தூக்கினார். நார் நாராகப் பின்னிய கறுத்த சிப்பிகள், இடுக்கில் சேறு, அவர் விரல்களில் கீறல்கள். கேமரா ஆடாமல் அதையே பார்க்கிறது, பின்னணிப் பேச்சு கிடையாது. படத்தில் சிறந்த இடம் அதுதான். இசை சேர்க்கச் சொன்ன உறுப்பினர்கள் மன்னிக்கவும்.

பயிற்சியில் அதிக நேரம் தின்றது ஒலி. முகத்துவாரக் காற்றில் பேச்சு எடுபடவில்லை. காலர் மைக்கில் பஞ்சுறை மாட்டி, படகு மறைவில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்த பிறகுதான் தேறியது. பேசியவர்களுக்குப் படத்தைப் போட்டுக்காட்டிச் சம்மதம் வாங்காமல் திரையிடக் கூடாது என்பதில் பயிற்சியாளர் கண்டிப்பாக இருந்தார். ஒரு பெரியவர் தன் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். மகன் ஆலையில் ஒப்பந்த வேலையில் இருக்கிறாராம், நியாயந்தானே, எடுத்துவிட்டோம்.

அடுத்த படம் ஆற்றில் படிந்த நிலக்கரிச் சாம்பலைப் பற்றி. வீட்டில் சும்மா கிடக்கும் செல்போன், ஸ்டாண்டு இருந்தால் உறுப்பினர்கள் தந்து உதவலாம். சார்ஜரோடு தந்தால் புண்ணியம். அறிக்கையை அவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்