கிராம அபிவிருத்திச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கிராம உத்தியோகத்தர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, வராமல் வீட்டிலிருந்துவிட்டு நாளைக்குச் சந்தியில் மறித்து "என்ன பேசினீங்க?" என்று கேட்கப்போகும் அங்கத்தவர்களே,

போன வருடத்து அறிக்கை நீளம் என்று பின்வரிசையில் முணுமுணுப்பு இருந்ததாம். இந்த வருடமும் நீளம்தான். வேலை நடந்த வருடம், அறிக்கையும் நீளத்தான் செய்யும்.

நிர்வாக சபை 12 தடவை கூடியிருக்க வேண்டும். 7 தடவை கூடியது. 3 தடவை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆட்தொகை, போதாமல், வந்த நாலு பேரும் பிளேன்டி குடித்துவிட்டுக் கலைந்தோம். ஒரு மாதம் மழை, ஒரு மாதம் சடங்கு.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஒலிபெருக்கி அனுமதி எடுத்துக் கொடுத்தோம். கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் ஊரைக் கடந்த நாட்களில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். கடற்கரைச் சிரமதானம் இரண்டு நடந்தது. டிசம்பர் 26 அன்று சுனாமியில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றினோம். கடற்கரையில் சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிள்களை ஓட்டித் திரிந்த பிள்ளைகளின் தகப்பன்மாரைக் கூப்பிட்டுப் பேசினோம். சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

அதிகாரிகளுக்கு நான் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒரு வசனம் மாறாமல் இருக்கும்: "எமது ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஏ4 வீதி." கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில், கல்முனை என்று சுற்றி மட்டக்களப்பில் முடிகிற அந்த நெடுஞ்சாலை எங்கள் ஊரைக் கறி வெட்டுகிற மாதிரி இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. பள்ளிக்கூடம் கடல் பக்கம். வீடுகளில் முக்கால்வாசி வாவிப் பக்கம். ஆக, பிள்ளை ஒன்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்த வீதியைக் கடந்தே ஆக வேண்டும். பின்னேர வகுப்பு இருந்தால் நாலு தடவை.

ஊர்ப் பகுதிக்குள் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் மணிக்கு 50 கிலோமீற்றர், ஆட்டோவுக்கு 40 என்பது சட்டம். தூரத்துப் பஸ் இரண்டு ஒன்றையொன்று முந்தப் பார்க்கும்போது இந்த இலக்கங்கள் எல்லாம் வீதியோரத்துப் பலகையோடு நின்றுவிடும். அதனால் பள்ளிக்கூட வாசலில் ஒரு பாதசாரிக் கடவை வேண்டும் என்று கேட்டோம். அவ்வளவுதான் கேட்டோம். முதலில் பிரதேச சபைக்கு எழுதினேன். ஏ தர வீதி தங்களுடையதல்ல, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது என்று பதில் வந்தது. அது சரியான பதில்தான். நான்தான் முதலே விசாரித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அதிபரின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு, பொலிஸின் அறிக்கை, பிரதேச செயலகத்தின் இணைப்புக் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இடையில் ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பே காணாமல் போய்விட்டது. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை, இன்னும் அங்கே போக வேண்டிய வேலை இருக்கிறது. நல்ல வேளையாக எல்லாவற்றுக்கும் போட்டோப் பிரதி என்னிடம் இருந்தது. பிரதி எடுத்த செலவு பற்றிப் பொருளாளர் கேள்வி கேட்டார். அந்தப் பிரதிகள் இல்லாவிட்டால் இன்றைக்குக் கடவை இல்லை. மேலதிகமாக எதுவும் சொல்ல விரும்பவில்லை.

கடைசியில் ஒரு நாள் காலை லொறி வந்தது, வெள்ளைக் கோடுகள் விழுந்தன. அன்றைக்கு நான் ஊரில் இல்லை, பென்சன் அலுவலாக மட்டக்களப்பில் நின்றேன். அன்று எடுத்த போட்டோவில் நிற்பவர்களைப் பார்த்து, அவர்கள்தான் இதைச் செய்தார்கள் என்று வெளிநாட்டில் உள்ள எமது உறவுகள் நினைத்துக்கொண்டிருப்பதாக அறிகிறேன். இருக்கட்டும்.

கோடு போட்டபிறகுதான் ஒரு விடயம் தெரிந்தது. சோளகக் காற்றுப் பிடித்தால் மணல் இந்தப் பக்கம், வாடைக் காற்றுப் பிடித்தால் மணல் அந்தப் பக்கம். காலையில் பார்த்தால் கடவையில் பாதி இல்லை. கோடு தெரியாவிட்டால் சாரதி ஏன் நிற்கப்போகிறார்? அதற்காக மூன்று விளக்குமாறு வாங்கி, கூட்டுவதற்கும் "நில்" பலகை பிடிப்பதற்கும் ஒரு முறைப் பட்டியல் போட்டோம். 14 பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் வாரம் 9 பேர் வந்தார்கள். மூன்றாம் வாரத்தில் நானும் ஆட்டோக்காரத் தம்பி ஒருவரும்தான். அந்தத் தம்பி சங்கத்தில் அங்கத்தவரே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

பொலிஸ் விடயம். ஊரில் எல்லோருக்கும் தெரியும், போக்குவரத்துப் பொலிஸார் நிற்பது கோயில் சந்தியில். அங்கே நிழல் இருக்கிறது. எங்கள் ஆட்களும் கெட்டிக்காரர்கள்: ஹெல்மெட் முழங்கையில் தொங்கிக்கொண்டு வரும், எதிரே வருபவர் லைட் அடித்துக் காட்டியதும் தலைக்கு ஏறும், சந்தி தாண்டியதும் திரும்பவும் முழங்கைக்கு இறங்கும். இதில் முழங்கைக்கு என்ன பாதுகாப்பு என்று நான் ஒருவரைக் கேட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் பொறுப்பதிகாரியிடம் ஒரு கோரிக்கை வைத்தோம்: சந்தியில் ஹெல்மெட் பார்ப்பது நல்லது, காலையும் மத்தியானமும் பள்ளிக்கூட வாசலிலும் ஓர் உத்தியோகத்தர் நின்றால் இன்னும் நல்லது. அவர் மறுக்கவில்லை. அடுத்த திங்களே ஓர் உத்தியோகத்தர் வந்து நின்றார். அந்த வாரங்களில் பஸ்கள் ஊருக்குள் வந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற மாதிரி. மறுகா பொறுப்பதிகாரிக்கு இடமாற்றம். புதியவருக்குத் திரும்பவும் முதலாம் கடிதத்திலிருந்து எழுதுகிறோம். "கிழக்கே கடல், மேற்கே வாவி..."

என்னைப் பற்றியும் ஒரு விடயம் பேசப்படுவதால் நானே சொல்லிவிடுகிறேன். ஆவணி மாதத்தில் எனக்குத் தண்டச்சீட்டு எழுதப்பட்டது உண்மை. மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன், அவரிடம் ஹெல்மெட் இல்லை. தலையில் பூ வைத்திருந்தார், அது நசியும் என்று போடவில்லை. வீட்டிலிருந்து கோயில் எத்தனை யார் தூரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பிழை பிழைதான். நான் சங்கச் செயலாளர் என்று அந்த உத்தியோகத்தரிடம் சொல்லவில்லை. சொன்னேன் என்று பரப்புகிறவர்கள் அங்கே நிற்கவில்லை. லைசன்ஸை எடுத்துக்கொண்டு சீட்டைத் தந்தார். இரண்டாம் நாளே தபாலகத்தில் பணம் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்ஸைத் திரும்ப எடுத்தேன். 14 நாளுக்குள் கட்டாவிட்டால் இரட்டிப்பு, 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம். இதை எங்கள் பொடியன்மார் கவனிக்க வேண்டும். சீட்டை சேர்ட் பையிலேயே வைத்துத் துவைத்துவிட்டு, பிறகு என்னிடம் கடிதம் கேட்டு வருகிறார்கள். கோர்ட்டுக்குச் செயலாளரின் கடிதம் செல்லாது.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி.

கடவை வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவனை மோட்டார் சைக்கிள் தட்டிவிட்டுப் போனது. கால் முறிவு. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தோம், அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. பிள்ளை இப்போது நடக்கிறான், மழைக்கு மட்டும் நோகுது என்கிறான். அன்றைக்குத் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் இருபது பேருக்குக் குறையாது. வண்டியின் நிறம் தெரியும், ஓட்டியவனின் சேர்ட் தெரியும், இலக்கத்தகட்டில் கடைசி இரண்டு இலக்கமும் தெரியும் என்று அன்று முழுக்கப் பேசினார்கள். வாக்குமூலம் கொடுக்க வாருங்கள் என்றதும் ஒருவருக்கு வயலில் வேலை, ஒருவருக்குக் கரைவலை, ஒருவருக்குத் திடீரென்று கண் பார்வையே குறைந்துவிட்டது.

வந்தவர் ஒரே ஒருவர். கடைக்குப் பக்கத்தில் இடியப்பம் அவிக்கிற பாட்டி, ஊருக்கு அவர் பெத்தா. மடியில் வெற்றிலைப் பையோடு ஆட்டோவில் ஏறினார். நிலையத்தில் அன்று இருந்த உத்தியோகத்தர் பெத்தா சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வைக்கச் சொல்லிப் புத்தகத்தைத் திருப்பினார். பெத்தா பேனையைத் தொடவில்லை. "தம்பி, நான் சொன்னது தமிழ். நீ எழுதினது எனக்கு விளங்கல்ல. விளங்குறபடி எழுதி வாசிச்சுக் காட்டு, மறுகா வைக்கிறன்" என்றார். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பில் இருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பெத்தா என்னைக் கையமர்த்திவிட்டு வாங்கில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கத் தொடங்கினார். ஒன்றரை மணித்தியாலம். தமிழ் எழுதத் தெரிந்த இன்னோர் உத்தியோகத்தர் டியூட்டிக்கு வந்தார், முதலிலிருந்து எழுதினார், வாசித்தும் காட்டினார். ஓர் இடத்தில் "வலப்பக்கம்" என்று எழுதியிருந்ததைப் பெத்தா "இடப்பக்கம்" என்று திருத்துவித்தார். கையெழுத்து வைத்துவிட்டு, திரும்பும் வழியில் அன்றைய இடியப்ப வியாபாரம் போய்விட்டதே என்று மட்டும் கவலைப்பட்டார். சங்கப் பணத்தில் அவருக்கு 1,500 ரூபா கொடுத்தேன். இந்தச் செலவுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. கேட்கிறவர்கள் பெத்தாவிடம் போய்க் கேட்கலாம்.

கட்டாக்காலி மாடுகள் விடயம் போன வருடம் போலவே இருக்கிறது. பெரும்போகம் விதைத்ததும் வயலிலிருந்து துரத்தப்படுகிற மாடுகள் கரைக்கு வந்து, இரவில் காய்ந்த தார் வீதியில் படுக்கின்றன. பிரதேச சபை பிடித்துக் கட்டினால் தண்டம் கட்டி அவிழ்க்க ஒருவர் வருகிறார். விபத்து நடந்தால் மட்டும் மாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை. உரிமையாளர்களில் மூவர் இந்தச் சபையில் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. மாடுகளில் சுட்ட குறி இருக்கிறது.

கணக்கைப் பொருளாளர் விபரமாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமம், கையிருப்புப் போன வருடத்தை விடச் சற்றுக் குறைவு. சுவிஸில் உள்ள உறவுகள் அனுப்பிய பணம் தெருவிளக்குக்கென்று வந்தது, அதில் ஒரு பகுதி "நில்" பலகைகளுக்கும் பெயின்ற்றுக்கும் போனது. வெளிச்சமும் பலகையும் ஒரே நோக்கத்துக்குத்தான் என்று நிர்வாக சபை ஏற்றுக்கொண்டது. கோரம் இருந்த கூட்டத்தில்தான் ஏற்றுக்கொண்டது.

சந்தா மாதம் 100 ரூபா. ஒரு பிளேன்டியும் ஒரு வடையும் அந்தக் காசுக்கு வருமா என்று தெரியவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் வைகாசிக்குப் பிறகு கட்டவில்லை. சந்தா கேட்டு நான் படலையில் நின்றால் நாய் மட்டும் வெளியே வருகிறது. நிலுவைப் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம் என்று சிலர் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். பட்டியல் என் கொப்பியில் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம்.

தலைவர், பொருளாளர், அதிபர், கிராம உத்தியோகத்தர், மாதர் சங்கம், கடிதங்களைத் தட்டச்சுச் செய்து தந்த மருமகள், பள்ளிக்கூட வாசலில் அந்தச் சில வாரங்கள் வெயிலில் நின்ற உத்தியோகத்தர், ஆட்டோக்காரத் தம்பி ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டில் கடவைக்கு மேலே ஒரு தெருவிளக்கும், இரண்டு பக்கமும் "பாடசாலை" அறிவித்தல் பலகையும் வேண்டும். புதிய பொறுப்பதிகாரியைத் தைப்பொங்கலுக்கு முன் சந்திக்க வேண்டும். அதற்கு ஐந்து பேராவது கூட வந்தால் நல்லது; தனியே போனால் சொந்தத் தண்டச்சீட்டுக்காக வந்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். செயலாளர் பதவிக்கு நான் இம்முறை போட்டியிடவில்லை. வேறு யாரும் முன்வராவிட்டால் சபை என்ன சொல்கிறதோ அதைக் கேட்பேன்.

கோப்புகள் நாலும் ஒழுங்காகக் கட்டி வைத்திருக்கிறேன், புதியவர் எந்த நேரமும் வந்து எடுக்கலாம். விளக்குமாறு மூன்றும் எங்கள் விறாந்தையில் சாத்தியிருக்கின்றன. நாளைக்குத் திங்கட்கிழமை. காலை 6.45 க்கு நான் வீதியில் நிற்பேன்.

செயலாளர்