அனுமதிக் கேஷை அணைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பகிர்வு ஃபோல்டர்கள் ஏன் மெதுவாகின்றன என்று உங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேகமான நெட்வொர்க் வாங்கச் சொன்னதோடு, பாதுகாப்புக்காக, கோப்பு விவரங்களை நினைவில் வைத்துக்கொள்ள விடாத ‘நோஏசி’ (noac) என்ற அமைப்பைப் போட்டு அந்த ஃபோல்டர்களை மவுண்ட் செய்யவும் (கணினியோடு இணைக்கவும்) கட்டுரையாளர் பரிந்துரைத்திருந்தார். முதல் யோசனை பல இடங்களில் வீண் செலவு. இரண்டாவது கெடுதல். நெட்வொர்க் வழியே ஃபோல்டர்களைப் பகிரும் என்.எஃப்.எஸ். (NFS) சர்வர்களைப் பார்த்துக்கொள்வதே என் வேலை என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமானால், வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழைய அந்தப் பயனருக்கு அனுமதி உண்டா என்று பார்த்தாக வேண்டும். ஆரம்பத்தில் உரிமையாளர், குரூப் விவரங்களை வைத்துக் கிளையன்ட்டே, அதாவது பயனரின் கணினியே, ஊகித்துக்கொண்டது. சர்வர் ரூட் பயனரைச் சாமானியராக மாற்றினாலோ, யார் யாருக்கு என்ன அனுமதி என்ற தனிப் பட்டியல் (ஏ.சி.எல்.) வைத்திருந்தாலோ அந்த ஊகம் தப்பிவிடும். அதனால் 1995-ல் வந்த என்.எஃப்.எஸ். மூன்றாம் பதிப்பில் ‘அக்சஸ்’ என்றொரு தனி அழைப்பைச் சேர்த்தார்கள். சர்வரையே கேட்டுவிடலாம். நல்ல முடிவுதான், ஆனால் கேட்கும்போதெல்லாம் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

போய்வர 1 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்யும்போது ஒன்றன்பின் ஒன்றாக 20,000 முறை கேட்டால், 20 வினாடி காத்திருப்பிலேயே போய்விடும். அந்தக் காத்திருப்பால் கோப்பிலிருந்து ஒரு பைட்கூட வராது. பத்து கிகாபிட் கேபிள் போட்டாலும் கேள்விகளின் எண்ணிக்கை குறையப்போவதில்லை.

ஆகவேதான் கிளையன்ட் பதிலை நினைவில் வைத்துக்கொள்கிறது; இதுதான் அனுமதிக் கேஷ். லினக்ஸில் முன்பு ஒரு கோப்புக்கு ஒரே ஒரு பயனரின் பதில்தான் தங்கும்; பலர் வேலை செய்யும் கணினியில் ஒருவர் பதிலை இன்னொருவர் பதில் தள்ளிவிடும். 2006-ல் அதைச் சரிசெய்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வைக்கத் தொடங்கினார்கள். ‘நோஏசி’ போட்டால், அந்தப் பதில் இன்னும் செல்லுமா என்று பார்க்கவே ஒவ்வொரு முறையும் சர்வரிடம் ஓட வேண்டும். போதாக்குறைக்கு, எழுதும் ஒவ்வொன்றும் சர்வர் ஒப்புக்கொள்ளும்வரை நிற்கும்.

பழைய பதிலை வைத்து, அனுமதி இழந்தவரும் உள்ளே வந்துவிடுவாரோ என்ற கட்டுரையாளரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் படிக்கவோ எழுதவோ கோரிக்கை வரும்போது சர்வர் அனுமதியை மறுபடி பார்க்கத்தான் செய்கிறது. பழைய ‘சரி’ ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தக் கணினியில் ஏற்கெனவே வந்து தங்கிய தரவைத்தான் பார்க்க முடியும். கோப்பின் அனுமதியை மாற்றினால் அதன் விவரங்களும் மாறும்; லினக்ஸின் இயல்பான அமைப்பில் கோப்புக்கு 3 முதல் 60 வினாடிக்குள், ஃபோல்டருக்கு 30 முதல் 60 வினாடிக்குள் கிளையன்ட் அதைத் தெரிந்துகொண்டு பழைய பதிலைக் கைவிடும்.

நிஜமான சிக்கல் குரூப்பில் இருக்கிறது. சர்வரில் ஒருவரை ஒரு குரூப்பில் சேர்த்தாலும் நீக்கினாலும் கோப்பில் எதுவும் மாறுவதில்லை. பழைய பதிலைச் சந்தேகிக்கக் கோப்பின் விவரங்களில் கிளையன்ட்டுக்குக் காரணம் எதுவும் கிடைக்காது. புதிதாகச் சேர்ந்தவர் “எனக்கு இன்னும் திறக்கவில்லை” என்று வந்து நிற்பது இதனால்தான். அப்போது அந்த ஒரு கணினியில் மட்டும் மவுண்ட்டைக் கழற்றி மாட்டினால் போதும், எல்லோருடைய கேஷையும் அணைக்க வேண்டியதில்லை.

வாசகர்கள் செலவு செய்வதற்கு முன் கிளையன்ட்டில் அழைப்புகளை எண்ணிக் காட்டும் ‘என்எஃப்எஸ்ஸ்டாட்’ (nfsstat) கட்டளையை ஓட்டி, ‘அக்சஸ்’, கோப்பு விவரம் கேட்கும் ‘கெட்ஆட்டர்’ (getattr) இரண்டின் எண்ணிக்கையையும் ‘ரீட்’ எண்ணிக்கையோடு ஒப்பிடட்டும். முதலிரண்டும் மிக அதிகமாக இருந்தால் கோளாறு கேபிளில் இல்லை. கட்டுரையின் அடுத்த பகுதியில் அந்தப் பரிந்துரையைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சர்வர் நிர்வாகி