புது லேப்டாப் வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். செமஸ்டர் தொடங்கிவிட்டால் கல்லூரிப் பிள்ளைகள் ஒரே புகாரோடு வருகிறார்கள்: புரோகிராம் எழுதப் பயன்படும் எக்லிப்ஸ் திறக்க மாட்டேன் என்கிறது, போன் ஆப் எழுதப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் லோகோ வந்து அப்படியே மறைந்துவிடுகிறது, மெமரி போதவில்லை என்று பெட்டி வருகிறது. கூடவே வீட்டுப் பெரியவர் யாராவது வருவார். புது லேப்டாப் வாங்கியே ஆக வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் அதற்குத் தேவையே இருப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

சமீபத்தில் நெல்லிக்குப்பத்திலிருந்து பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் ஒரு பெண் அம்மாவோடு வந்திருந்தார். "ரேம் பத்தலைண்ணா, வேற லேப்டாப்தான் வாங்கணும்னு சொல்லிட்டாங்க" என்றார். அந்த அம்மா காதைத் தொட்டுக் காட்டி, "இந்தத் தோட்டை வச்சுடலாம் தம்பி, ஆனா நிஜமாவே வாங்கித்தான் ஆகணுமான்னு மட்டும் பார்த்துச் சொல்லு" என்றார். மெஷினில் 4 ஜிபி ரேம், 64 பிட் விண்டோஸ். எக்லிப்ஸைத் தட்டினால் 'குட் நாட் ரிசர்வ் எனஃப் ஸ்பேஸ் ஃபார் ஆப்ஜெக்ட் ஹீப்', அதாவது தேவையான மெமரி இடத்தை ஒதுக்க முடியவில்லை, என்று வந்து நின்றது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் ரேமில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது! அப்படியென்றால் மெமரி இல்லை என்று அது எதைச் சொல்கிறது?

விஷயம் இதுதான். எக்லிப்ஸ், அதைப் போன்ற நெட்பீன்ஸ், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எல்லாமே ஜாவா மெஷின் என்ற, ஜாவா புரோகிராம்களை ஓட்டும் மென்பொருளுக்குள் ஓடுகிறவை. அந்த ஜாவா மெஷின் தொடங்கும்போதே தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று விண்டோஸிடம் கேட்டு, அதை ஒரே துண்டாக ஒதுக்கி வைத்துக்கொள்ளப் பார்க்கும். அந்த அளவு எக்லிப்ஸ் ஃபோல்டரிலேயே இருக்கும் எக்லிப்ஸ் டாட் ஐஎன்ஐ என்ற சின்ன ஃபைலில் 'எக்ஸ்எம்எக்ஸ்' என்ற வரியில் எழுதியிருக்கும். இந்தப் பெண்ணின் மெஷினில் அது 2048 எம்பி, சீனியர் ஒருவரின் ஃபைலை அப்படியே காப்பி செய்தது. போட்டிருந்த ஜாவாவோ 32 பிட், அதாவது 64 பிட்டைவிட மிகக் குறைந்த மெமரியையே கையாளக்கூடிய ரகம். 32 பிட் புரோகிராம் ஒன்றுக்கு விண்டோஸ் வழக்கமாகத் தருவதே 2 ஜிபி முகவரி இடம்தான் (ரேம் எவ்வளவு இருந்தாலும் அந்தப் புரோகிராம் தொடக்கூடிய மெமரியின் எல்லை), அதிலும் நடுநடுவே டிஎல்எல் என்ற துணை ஃபைல்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாணப் பந்தியில் அங்கங்கே இலை காலியாக இருந்தும், கூட்டமாக வந்தவர்கள் சேர்ந்து உட்கார ஒரு வரிசை கிடைக்காத கதைதான். நடைமுறையில் ஒன்றரை ஜிபியைத் தாண்டினாலே தகராறு. இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அந்த லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் போட்டிருந்தாலும் இதே பெட்டிதான் வந்திருக்கும். தோட்டை அடகு வைத்துப் புது லேப்டாப் வாங்கி, அதிலும் அதே பழைய ஜாவாவையும் அதே ஃபைலையும் ஏற்றியிருந்தால் அந்த அம்மா என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்தாலே எனக்கு ஆறவில்லை.

பழைய 32 பிட் ஜாவாவையும் எக்லிப்ஸையும் எடுத்துவிட்டு இரண்டையும் 64 பிட்டாகப் போட்டேன், எக்ஸ்எம்எக்ஸை 1024 ஆக்கினேன், திறந்துவிட்டது. ஜாவாவும் எக்லிப்ஸும் ஒரே பிட்டாக இருக்க வேண்டும், ஒன்று 32 இன்னொன்று 64 என்றால் அதுவும் திறக்காது. எது இருக்கிறது என்று பார்ப்பது ரொம்பச் சுலபம்: கமாண்ட் பிராம்ப்டில் ஜாவா என்று அடித்து, ஒரு இடம் விட்டு மைனஸ் வெர்ஷன் என்று அடித்தால் வரும் கடைசி வரியில் '64 பிட்' என்ற சொல் இருக்கும். இல்லையென்றால் அது 32.

இன்னொரு ரகமும் அடிக்கடி வருகிறது. சி டிரைவில் இடம் போதவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்டோஸின் பேஜிங் ஃபைலை (ரேம் போதாதபோது கைகொடுக்க டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்போது ஜாவா பாதியில் விழுந்து, 'ஹெச்எஸ் எர்ர்' என்று தொடங்கும் ஒரு லாக் ஃபைலை ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போகும். தயவுசெய்து அதை அழிக்காதீர்கள், அந்த நேரத்தில் எவ்வளவு மெமரி இருந்தது, எவ்வளவு கேட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பேஜிங் ஃபைலை மறுபடி விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டு, ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், விண்டோஸின் என்விரான்மென்ட் வேரியபிளில் (எல்லா புரோகிராமும் பார்க்கும் பொது அமைப்பு) ஜாவாவுக்கான மெமரி அளவைச் சொல்லும் ஜாவா ஆப்ஷன்ஸ் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்துப் போட்டுவிட்டு மறந்துபோவதும் உண்டு. அது அந்த மெஷினில் ஓடும் எல்லா ஜாவா புரோகிராமையும் பாதிக்கும்.

நிஜமாகவே ரேம் போதாத இடமும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது, கம்ப்யூட்டருக்குள்ளேயே போனைப் போல ஓடும் எமுலேட்டரும் சேர்ந்தால் அதுவே திணறும். அங்கேயும் எமுலேட்டரை விட்டுவிட்டு, கையில் இருக்கும் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து ஆப்பை ஓட்டிப் பார்த்தால் பெரிய பாரம் குறையும். லேப்டாப்பில் ஸ்லாட் இருந்தால் ரேம் மட்டும் கூட்டிக்கொள்ளலாம், சில மாடல்களில் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், அதனால் திறந்து பார்க்காமல் ரேம் வாங்கிவிட வேண்டாம்.

கல்லூரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. முதல் ஆண்டு ஜாவா லேபில் எழுதுகிற புரோகிராமுக்கு எக்லிப்ஸ் எதற்கு? 1995-இல் ஜாவா வெளிவந்தபோது வீட்டுக் கம்ப்யூட்டர்களில் 8, 16 எம்பி ரேம் இருந்தாலே அதிகம், நோட்பேடில் எழுதி ஜாவாசி என்ற கட்டளையைப் போட்டு கம்பைல் செய்தார்கள், இன்றைக்கும் அது அப்படியே வேலை செய்கிறது. எக்லிப்ஸ்தான் வேண்டும் என்றால் எந்தப் பதிப்பு, எத்தனை பிட், 4 ஜிபி மெஷினுக்கு எக்ஸ்எம்எக்ஸ் எவ்வளவு என்று தமிழில் அரைப் பக்கம் அச்சடித்து லேப் கதவில் ஒட்டிவிடுங்கள். பண்ருட்டியிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகளுக்குக் கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. 2025-26 தமிழக பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள், அந்தப் பெட்டிகளோடும் இந்த அரைப் பக்கம் போனால் நல்லது. உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்திலும் வெளியிட முடியுமானால், எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.