வீட்டுத் தோட்டச் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் ஐயா, நிர்வாகக் குழுவினர், மழையையும் பார்க்காமல் வந்திருக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கையின் பிரதியை அவரவர் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிடுகிறேன்.

இந்த வருஷம் ஆறு கூட்டங்கள் வைத்தோம். இரண்டில்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய ஆள் எண்ணிக்கை, சேர்ந்தது. பொங்கலுக்கு விதைப் பொதி கொடுத்தோம். கூட்டெரு வகுப்பு ஒன்று நடந்தது. பாடசாலைத் தோட்டத்துக்கு லீக்ஸ், கோவா நாற்றுகள் கொடுத்தோம். ஹக்கல பூங்காவுக்குப் போகும் பயணம் மழையால் இரண்டு முறை தள்ளிப்போய் மூன்றாம் முறை நடந்தது. வேனில் பதினான்கு ஆசனம், போனவர்கள் எட்டுப் பேர்.

அடுத்தது ஹொப்ஸ். இதைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பியருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற பூ ஹொப்ஸ். 1516இல் ஜெர்மனியின் பவேரியாவில் பியருக்கு என்று ஒரு சட்டம் போட்டபோது பார்லி, தண்ணீர், ஹொப்ஸ் இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் சேரக்கூடாது என்றார்கள். இது பல வருஷம் உயிரோடு இருக்கும் கொடி. குளிர்காலத்தில் மேலே காய்ந்துபோனாலும் அடியில் கிழங்கு மாதிரி இருக்கும் வேர்த்தண்டு மறுபடி துளிர்க்கும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பியருக்கு வேண்டியது பெண் கொடியின் பூக்கூம்பு மட்டும்தான். நம் நுவரெலியாப் பக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே பியர் காய்ச்சிய ஊர், குளிர் இருக்கிறது, நல்ல தண்ணீர் இருக்கிறது, பிறகு ஏன் இந்தக் கொடியை யாரும் வீட்டில் வளர்த்துப் பார்க்கவில்லை என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. 2023 பொதுக்கூட்டத்தில் நான் கேட்டேன், எல்லோரும் தலையாட்டினீர்கள். கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

என் சித்தப்பா மகன் லண்டனிலிருந்து வரும்போது சூட்கேஸில் நாலு வேர்த்தண்டைப் போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெளிநாட்டுச் செடியைக் கொண்டுவரக் கூடாது. உரிய அலுவலகத்துக்கு நானே ஏழு முறை போய் வந்தேன். பஸ் காசு சங்கக் கணக்கில் இல்லை என்பதைப் பொருளாளர் கவனிக்க வேண்டும். கடைசியில் மார்ச் மாதம் காஸ்கேட் என்ற ரகத்தில் ஆறு வேர்த்தண்டுகள் கைக்கு வந்தன. அது 1972இல் அமெரிக்காவில் வெளியிட்ட ரகம். ஆறில் இரண்டு பயணத்திலேயே அழுகிவிட்டன.

மீதி நான்கையும் என் வீட்டுப் பின்பக்கம் நட்டேன். யூக்கலிப்டஸ் கம்பு ஊன்றி மேலிருந்து கயிறு விட்டேன். நல்ல கொடி ஐந்தாறு மீற்றர் ஏறும் என்பதால் கம்பும் அந்த உயரம். சௌசௌக் கொடிக்கு மாதிரி இதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டில் இருக்கும் சொரசொரப்பான மயிரைக் கொண்டு கயிற்றைப் பிடித்து, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்றி ஏறும். நமது மூத்த அங்கத்தவர் ஒருவர் உதவிக்கு வந்தார். நாற்பது வருஷம் போஞ்சி வைத்த கை. போஞ்சி சுற்றுகிற பக்கமாகவே நான்கு கொடியையும் அழகாகச் சுற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நான்கும் கயிற்றை விட்டுத் தரையில் கிடந்தன. அவர் இன்றுவரை நான்தான் பிடுங்கிப் போட்டேன் என்று நினைக்கிறார். போஞ்சி எதிர்ப்பக்கமாகச் சுற்றும் கொடி ஐயா, அவ்வளவுதான் விஷயம்.

ஏப்ரலில் பொலிஸ் வந்தது. ஹொப்ஸும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பம் என்று நான் கூட்டத்தில் சுவாரசியத்துக்காகச் சொன்னதை யாரோ பாதி மட்டும் எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. வந்த இருவரும் மரியாதையாகவே பேசினார்கள். இலையைத் தடவிப் பார்த்து, பாகற்கொடி மாதிரி இருக்கிறதே என்றார்கள். அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன், தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர்.

இன்னொன்றையும் இங்கே பதிந்துவிடுகிறேன். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டப்படி குற்றம். சங்கம் காய்ச்சவில்லை, காய்ச்சப் போவதும் இல்லை. 'எப்ப ரெடியாகும் செயலாளர்?' என்று பஸ் தரிப்பிடத்தில் என்னிடம் கேட்பவர்களுக்கும், இது குடிகாரச் சங்கம் என்று கணவன்மாரைக் கூட்டத்துக்கு அனுப்பாமல் நிறுத்தியிருக்கும் அக்காமாருக்கும் பதில் ஒன்றுதான். நாம் வளர்ப்பது கொடி. இந்தப் பக்கத்தில் கசப்பை வளர்ப்பது புதிதும் இல்லை. ஹக்கல பூங்காவையே 1861இல், மலேரியாவுக்குக் கசப்பு மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்தை வளர்க்கத்தான் தொடங்கினார்கள். வெள்ளைக்காரன் கசப்பை நட்டபோது யாரும் பொலிஸைக் கூப்பிடவில்லை.

சரி, விளைச்சலுக்கு வருகிறேன். மே கடைசியில் கொடி ஒன்றரை மீற்றர்கூட ஏறவில்லை, அதற்குள் பூ வைத்துவிட்டது. என் இடுப்புக்குச் சற்று மேலே, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைக் கூம்புகள். எரு போதாது என்றார் ஒருவர், கண்பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. காரணம் பகலின் நீளம். ஹொப்ஸ் நீண்ட பகலில் வளர்ந்து, பகல் குறையும்போது பூக்கும் கொடி. பவேரியாவில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய 16 மணி நேரம். நமக்கு அதே ஜூனில் பன்னிரண்டரை. நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே முக்கால் மணி நேரம்தான் வித்தியாசம். கொடி மண்ணைவிட்டு எழும்பியதுமே காலம் முடிந்துவிட்டது என்று நினைத்து அவசரமாகப் பூத்துவிடுகிறது. நம் குளிரை மட்டும் கணக்கில் எடுத்தேன், வெயிலின் நேரத்தை எடுக்கவில்லை. அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன், ஜூலை மழையில் கீழ் இலைகளுக்கு அடியில் கறுத்த பூஞ்சணம் பிடித்தது. முழங்கால் உயரம் வரை இலைகளை உருவிவிட்டதும் காற்றோட்டம் வந்து அடங்கியது. ஜூலைக் கடைசியில் பறித்தோம். நான்கு கொடியிலும் சேர்த்து பச்சையாக 410 கிராம். கூம்பைப் பிளந்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் இருக்கும். கசப்பும் எண்ணெய்யும் அந்தத் தூளில்தான். விரலில் நசுக்கினால் பிசின் மாதிரி ஒட்டி, தோடம்பழத் தோல் வாசம் வரும், சவர்க்காரம் போட்டாலும் சாயந்திரம் வரை போகாது.

காயவைப்பதுதான் பெரிய பாடு. நமது சங்கத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருப்பது பெரிய பாக்கியம். கொழுந்து வாட்டுகிற மாதிரித்தான் என்று சொல்லி, கொசுவலையை அடுப்பங்கரைக்கு மேலே கட்டி, கூம்புகளை மெல்லிசாகப் பரப்பி, இரவெல்லாம் நாலு முறை புரட்டினார். நடுக்காம்பு வளையாமல் பட்டென்று முறிந்தபோது போதும் என்றார். நிறுத்துப் பார்த்தோம், 90 கிராம். இருபது லீற்றர் பியருக்கு 30 முதல் 60 கிராம் வரை போடுவார்கள் என்றால் நம்முடையது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். முதல் வருஷக் கொடி எங்கேயும் குறைவாகத்தான் காய்க்கும், முழு விளைச்சல் மூன்றாம் வருஷத்தில்தான்.

செப்டெம்பர் கூட்டத்தில் கொஞ்சத்தைத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தேன். கொதித்தால்தான் அந்தக் கசப்பு தண்ணீரில் இறங்கும். வேப்பம்பூ ரசத்தில் உப்புப் போட மறந்த மாதிரி இருக்கிறது என்றார் தலைவர். அவர் குடித்து முடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வடித்த சக்கையைக் கூட்டெருக் குழியில் போட்டவர் யாராக இருந்தாலும், அது நாய்க்கு விஷம். அன்று என் நாயை வேலி வரை துரத்திப் பிடித்தேன். மிச்சம் என் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஓர் அங்கத்தவர் தூக்கம் வராத தன் மாமியாருக்குத் தலையணையில் வைக்கக் கொஞ்சம் வாங்கிப்போனார். பலனை இன்னும் சொல்லவில்லை.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. 'இதர செலவு' கொஞ்சம் கூடியிருப்பதாகச் சிலர் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது. கம்பு, கயிறு, வேர்த்தண்டின் பாதி விலை அதில் அடங்கும். மறுபாதி என் பை. வருஷச் சந்தா 600 ரூபா. அங்கத்தவர் 43 பேரில் கட்டியவர்கள் 17. மாதத்துக்கு 50 ரூபா என்றால் ஒரு பிளேன்டீக் காசுதான் வரும். மூன்று வருஷமாகக் கட்டாதவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது. வாசிக்கவில்லை. அதில் இருவர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

பயணத்துக்கு வேன் ஏற்பாடு செய்தவருக்கும், மண்டபத்தைத் தந்த கோயில் பரிபாலன சபைக்கும், தேநீர் தந்த சகோதரிகளுக்கும், டீமேக்கர் ஐயாவுக்கும் நன்றி.

வரும் வருஷத்துக்கு வழி இருக்கிறது. செவ்வந்தி வளர்ப்பவர்கள் பூக்கும் நாளைத் தள்ளிவைக்க இரவில் விளக்குப் போடுவது பழைய வித்தை. தென்னாபிரிக்காவிலும் ஹொப்ஸுக்கு இப்படி விளக்குப் போட்டுத்தான் வளர்த்தார்கள், பிறகுதான் குறுகிய பகலுக்கு ஏற்ற ரகங்களை உருவாக்கினார்கள். கொடி கயிற்றின் உச்சியைத் தொடும் வரை விளக்கு, தொட்டதும் நிறுத்தினால் பூக்கும். நான்கு எல்ஈடி பல்பு, ஒரு டைமர், மழை படாத வயர். மின்சாரக் கட்டணத்தை என் வீட்டு பில்லிலேயே போட்டுக்கொள்கிறேன், அதைப் பற்றி என் வீட்டாரிடம் இன்னும் பேசவில்லை. மற்றவற்றுக்கு வேண்டிய தொகை, கட்டாத 26 பேரில் பத்துப் பேர் கட்டினாலே போதும்.

இன்னொருவர் செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் சந்தோஷமாக விட்டுக்கொடுப்பேன். கொடிகள் மட்டும் என் வீட்டுப் பின்பக்கம்தான் இருக்கும், வேரோடு பெயர்க்க முடியாது. ரசீதுப் புத்தகம் வாசலோர மேசையில் இருக்கிறது. மீதிச் சில்லறையும் கொண்டுவந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்